பத்மநாபன் வாசலில் ஒரு கடிகாரம்

திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலுக்குக் கிழக்கே, பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மேத்தன் மணி என்பார்கள். மேலே தாடிக்கார முகம், இரு பக்கமும் ஆட்டுக்கடாக்கள். மணி ஆனதும் முகம் வாயைத் திறக்கும். கடாக்கள் பாய்ந்து வந்து இரண்டு கன்னத்திலும் முட்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் குளத்தூக்காரன் என்ற கைவினைஞர் செய்தது என்பது அங்குள்ள வழக்கு.

சபரிமலைக்குப் போகும் எங்கள் வல்லத்திராக்கோட்டை ஆட்கள் திரும்பும்போது பத்மநாபனையும் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அப்படித்தான் நானும் பார்த்தேன். கூட்டம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே அனந்தன்மேல் யோகநித்திரையில் இருப்பவருக்கு இரவு பகல் கிடையாது. அவர் வாசலில் மணிக்கு மணி ஒருவன் கன்னத்தில் அடி வாங்குகிறான்.

அப்பாவின் நினைவு வந்தது. அவருக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில், காலனை உதைத்த சாமி சந்நிதியில்தான் நடந்தது. அம்மா கழுத்தில் இரண்டாவது தாலி ஏறியபோது அப்பா கை நடுங்கியது. சில வருஷத்தில் போய்விட்டார். "எமனையே உதைச்ச சாமி, இவரை ஏன்டா விட்டுச்சு?" என்று அம்மா கேட்டாள்.

சாவை நினைக்கும்போது இன்னொரு கடிகாரமும் நினைவுக்கு வருகிறது. பிராக் நகரத்தில் 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தில், மணிக்கயிற்றை இழுப்பது எலும்புக்கூடு. பக்கத்துப் பொம்மைகள் வரமாட்டோம் என்று தலையை ஆட்டும். சாவுதான் அங்கே மணியடிக்கும் அதிகாரி. சைவ சித்தாந்தம் அந்தப் பதவியைக் காலத்துக்குக் கொடுக்கவில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று. மாயையிலிருந்து தோன்றியது, அறிவில்லாத சடம். உயிர் தன் வினைப்பயனை நேற்று, இன்று, நாளை என்று வரையறுத்து நுகர்வதற்காக இறைவன் இயக்குகிற கருவி. அந்தக் கடாக்களுக்குத் தாடிக்காரன்மேல் என்ன விரோதம்? உள்ளே சுற்றும் சக்கரம் தள்ளுகிறது, முட்டுகின்றன. காலமும் அப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

திருக்கடையூரில் விழுந்த உதை எல்லாருக்கும் ஆயுளை நீட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு அல்ல. எமனும் ஏவலாள்தான், அவனுக்கு மேலே ஒருவன் உண்டு என்று காட்டிய உதை. அப்பாவை யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை. இந்த உடம்போடு நுகர வந்த பிராரத்த வினை தீர்ந்தது, புறப்பட்டார். அம்மாவிடம் இதைச் சொன்னேன். பாதிதான் ஒப்புக்கொண்டாள்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் ஆயுளைக் கேளுங்கள், தப்பே இல்லை. கூடவே, எமபயம் போகவேண்டும் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.