சுமந்தவனுக்கும் ஒரு சுளை

காஞ்சிபுரத்தை அடுத்துச் செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், ஞானசம்பந்தரின் தேவாரம் பெற்ற பழம்பதி. அவ்வூர்க் கோயிலைப் பற்றி வழங்கும் தலபுராணக் கதையொன்று, ஆசிரியத் தொழில் புரிவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நாள்தோறும் ஒரு கனி தரும் பலாமரம் அங்கே நின்றதாம். அக்கனியைத் தில்லைக்குச் சுமந்து சென்று நடராசருக்குப் படைத்தபின் இராசேந்திர சோழனிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்பது ஏற்பாடு. ஊரார் முறைவைத்துச் சுமந்தனர். சிறுவன் ஒருவனின் முறையும் வந்தது. மரம் இருப்பதனால் அன்றோ இச்சுமை என்று கருதிய அவன், அம்மரத்தையே எரித்துவிட்டான். மன்னன் அவனை நாடு கடத்தினான் என்று கதை தொடர்கிறது.

இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இதனுள் ஒரு வினா உறைகிறது. பிறர் நலத்துக்கென்று ஒரு பிள்ளையின் தலையில் நாம் ஏற்றும் பணி, எப்போது அறமாகிறது? எப்போது வெறுஞ் சுமையாகிறது?

இவ்வினா இன்று நம் பள்ளிக்கூடங்களின் வாயிலிலேயே நிற்கிறது. காமராசர் காலத்தில், 1956-இல், தமிழகப் பள்ளிகளில் மதிய உணவு பரவியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982-இல், அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பள்ளி வளாகத்திலேயே காய்கறித் தோட்டம் அமைத்து, விளைந்ததை அவ்வுணவிலேயே சேர்க்குமாறு மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தட்டுக் கழுவிய நீர் முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் பாய்கிறது. அங்கே பறித்த கறிவேப்பிலை அன்றைய சாம்பாரில் மணக்கிறது. வீட்டில் அடுப்பெரியாத பிள்ளையும் அதனை உண்கிறது. இதனினும் அழகியதொரு தருமம் உண்டா?

மரம் நட்டவரின் மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தருமமாகும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆனால் செயல்களின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்பதும் அவர்களின் போதனையே. அச்சத்தால் நீர் ஊற்றிய பிள்ளையின் உள்ளத்தில் எந்த நிய்யத்தைத் தேடுவது?

இதை நான் ஏட்டில் மட்டும் கற்றேனல்லேன். இளமையில் நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒரு சிறு தோட்டம் இருந்தது. காலந்தாழ்த்தி வருவோர் கத்தரிப் பாத்திக்குப் பத்துக் குடம் நீர் ஊற்ற வேண்டுமென்று தண்டனை விதித்தேன். நான் நிழலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, ஒரு வரிசை நாற்று முழுதும் வாடிக் கிடந்தது. யாரோ வேரைப் பிடுங்கி, ஐயம் எழாதவாறு மீண்டும் மண்ணில் ஊன்றி வைத்திருந்தனர். குற்றவாளியைத் தேடினேன், கிடைத்திலன். நெடுநாள் கழித்தே உண்மை விளங்கிற்று. தருமத்தைத் தண்டனையாக்கியவன் நான். வேரறுத்த கை மட்டுமே வேறொருவனுடையது.

இவ்வச்சம் பெரியோர்க்கும் இருந்தது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில்வழிக் கல்வியை முன்வைத்து, பிள்ளைகளின் உழைப்பின் பயனே பள்ளிச் செலவைத் தாங்க வேண்டுமென விரும்பினார். அத்திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன். வருவாய் நோக்கம் மேலோங்கினால் கல்வி நோக்கம் பலியாகிவிடும் என்று அக்குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

"ஏவினாலன்றிப் பிள்ளைகள் எதைச் செய்வர்? ஏழு வயதில் தொழுகைக்கு ஏவுமாறு மார்க்கமே பணிக்கவில்லையா?" என்று அன்பர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் மகனைத் தொழுகைக்கு ஏவும் தந்தை, தானும் தொழுகிறார். தாம் செய்யாததைப் பிறர்மேல் சுமத்தும் ஏவலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் அடிமைத் தளை நீங்க 300 பேரீச்சங்கன்றுகள் நட வேண்டியிருந்தபோது, தோழர்கள் கன்றுகளை ஈந்தனர். நாயகம் (ஸல்) அவர்களோ தம் திருக்கரத்தாலேயே நட்டார்கள். அங்கே நிழலில் நின்று எண்ணியவர் எவருமிலர்.

இன்னுமொன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தபோது, அது விற்கப்படலாகாது, வாரிசுரிமையாகலாகாது, பலன் வறியோர்க்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் உரியது என்றெல்லாம் நிபந்தனை விதித்தார்கள். கூடவே, அதனைப் பேணுபவர் முறையளவில் அதிலிருந்து உண்பதும், தம் நண்பருக்கு உண்ணக் கொடுப்பதும் குற்றமன்று என்றார்கள். உழைப்பவனின் பசியை மறவாத தருமம் அது. நீர் ஊற்றும் பிள்ளை, தான் வளர்த்த கீரையில் ஒரு கட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றால் தருமம் குறைந்துவிடாது. "இது நான் வளர்த்தது" என்று தாயிடம் காட்டும் அந்நாளில்தான், மற்றொரு பிள்ளைக்குக் கொடுப்பதன் இன்பமும் அவனுக்குப் புலனாகும். தனதென்று ஒன்றைக் கண்டறியாதவன் எதனைக் கொடுப்பான்?

ஆகவே, தோட்டம் அமைக்கும் ஆசிரியர்க்கு மூன்று சொற்கள். தோட்டவேலையைத் தண்டனையாக்காதீர். விளைந்தது யார் வயிற்றுக்குச் செல்கிறதென்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணட்டும். முதற்குடத்தை நீங்களே சுமந்து செல்லுங்கள்.

மாகறல் சிறுவன் மரத்தை எரித்தது பிழையே. ஆயினும் சுமந்தவனுக்கும் ஒரு சுளை என்று யாரேனும் எண்ணியிருந்தால், அவன் தோளுக்குத் துணையாக ஒரு பெரியவர் உடன் நடந்திருந்தால், அம்மரம் தப்பியிருக்கலாம். அன்று நான் தேடிக் காணாத அம்மாணவன் இவ்வரிகளைப் படிக்க நேர்ந்தால், அவன் என்னை மன்னிப்பானாக.