வற்றிய நாவும் வற்றாத ரஹ்மத்தும்

 



நாம் சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். கோயம்புத்தூர்க்காரர் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ருசியைத்தான் தேடுவார். ஆனால் நம் வாய்க்குள் அல்லாஹ் ஊறவைக்கும் தண்ணீரை என்றைக்காவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா? ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதற்கு மோட்டார் இல்லை, குழாய் வரி இல்லை. நின்றுபோனால்தான் அந்த நிஃமத்தின் அருமை தெரியும்.

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு இளைஞர் வந்தார். "ஹஜ்ரத், எங்கம்மாவால ரமளான்ல நோன்பு வைக்க முடியலீங்க. களா வைக்கவும் முடியலீங்க. வர்ற சொந்தக்காரங்க எல்லாம், பாக்க நல்லாத்தானே இருக்கீங்க, எல்லாருக்கும்தான் தாகம் எடுக்குதுன்னு சொல்றாங்க. அம்மா ராத்திரியெல்லாம் அழுகறாங்க, ஆனா கண்ணுல தண்ணி வரமாட்டேங்குது" என்றார்.

அந்தத் தாய்க்கு இருப்பது ஷோக்ரன் நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் இதை விரிவாக எழுதினார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கிவிடுகிறது. இந்த நோய் வருபவர்களில் 10 பேரில் 9 பேர் பெண்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் இட்லிகூடத் தொண்டையில் இறங்காது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பற்கள் வேகமாகச் சொத்தையாகும். வெளியே பார்ப்பவருக்கோ ஒன்றும் தெரியாது.

அன்பானவர்களே! நோன்பாளியின் தாகம் மஃரிபு பாங்கோடு தீர்ந்துவிடும். நோன்பு திறந்தபின் நபி (ஸல்) அவர்கள் ஓதிய துஆவில் தாகம் தணிந்ததைத்தான் முதலில் சொன்னார்கள் (அபூதாவூத்). இந்த நோயாளிக்கு மஃரிபுக்குப் பிறகும் வாய் காய்ந்தே இருக்கும். நம் தாகமும் அவர்கள் தாகமும் ஒன்றல்ல.

ஒரு பயணத்தில் ஒரு ஸஹாபியின் தலையில் கல் பட்டுக் காயமானது. அவருக்குக் குளிப்பும் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், வஃபாத்தானார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், கூட இருந்தவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள் (அபூதாவூத்). மார்க்கப் பற்றில்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். ஆனாலும் ஒரு உயிர் போனது. நோயாளி வீட்டுக்குப் போய், கொஞ்சம் பொறுத்துக்கொண்டு நோன்பு வைக்கலாமே என்று சொல்லும் நாம் இந்த ஹதீஸை நினைக்க வேண்டும்.

சட்டம் என்ன? நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் களா செய்யலாம் என்று குர்ஆன் (2:185) சலுகை தருகிறது. இந்த நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. சிலரால் மார்கழி, தை மாதத்தின் குளிர்ந்த, குறுகிய பகல்களில் களா வைக்க முடியும், அவர்கள் வைக்கட்டும். இனி எப்போதும் முடியாது என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு, அதாவது ஃபித்யா. அளவை உங்கள் மத்ஹபின்படி உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

நோன்பு வைக்க முடிந்தவர்கள் வாய் கொப்பளித்துத் துப்பலாம், நோன்பு முறியாது. தொண்டைக்குள் போகும் அளவுக்குக் கொப்பளிக்கக் கூடாது. தன் உமிழ்நீரை விழுங்குவதாலும் முறியாது. மருந்தின் நேரத்தை மாற்ற மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தராவீஹில் நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை உட்காரும்போது ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்; அதில் வெட்கம் எதற்கு?

அந்தத் தாய்க்கு இன்னொரு கவலை. துஆவில் கண்ணீர் வரவில்லையே, என் கல்பு இறுகிவிட்டதோ என்று. இல்லை தாயே! வறண்டது சுரப்பி, கல்பு அல்ல. குர்ஆன் ஓதும்போது நாக்கு ஒட்டித் திணறுகிறதா? திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்).

வீட்டிலுள்ளவர்களே! மாதக்கணக்கில் வாயும் கண்ணும் வறண்டிருந்தால் ருமட்டாலஜி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சர்க்கரை நோயாலும், அலர்ஜி மாத்திரை போன்ற சில மருந்துகளாலும்கூட வாய் வறளும், பரிசோதித்தால்தான் தெரியும். பல் மருத்துவரிடமும் தவறாமல் காட்டுங்கள். காதுக்குக் கீழே வீக்கம் வந்து குறையாமல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி இனிப்பு டீ வேண்டாம். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் (புகாரி). பெற்ற தாய்க்கு முகம் சுளிக்காமல் நீட்டும் ஒரு டம்ளர் தண்ணீருக்கு என்ன கூலி கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! உன் சலுகையை மனநிறைவோடு ஏற்கும் உள்ளத்தை அவர்களுக்கும், அதைக் குறை சொல்லாத நாவை எங்களுக்கும் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.