ஊஞ்சலில் உங்களுக்கும் இடம் உண்டு!

உபந்யாசம் முடிந்து பிரசாதம் கொடுத்துக் கொண்டிருந்தபோது, ஒரு தாயார் தயங்கியபடி அருகில் வந்தார்.

'ஸ்வாமி, பகவான் புண்ணியத்தில் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால், நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்துப் பேசி எத்தனையோ நாளாச்சு. இதற்கு ஏதாவது ஸ்லோகம் இருக்கா?' என்றார்.

'ஸ்லோகம் இருக்கட்டும் அம்மா. மதுரையில் ஊஞ்சல் உற்சவம் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டேன்.

மதுரையில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் மீனாட்சியம்மனும் சுந்தரேஸ்வரரும் பொற்றாமரைக் குளக்கரையில் உள்ள ஊஞ்சல் மண்டபத்துக்கு எழுந்தருள்வார்கள். இருவரும் அருகருகே அமர்ந்து ஊஞ்சல் ஆடுவார்கள். கோடை வந்தால் வசந்த உற்சவம். அதற்கென்றே திருமலை நாயக்கர் கட்டியதுதான் புது மண்டபம். தை மாதத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்ப உலா. அகில உலகத்தையும் காத்து ரட்சிக்கிறவர்களுக்கே ஊஞ்சலாட நேரம் இருக்கிறது, நமக்கு இல்லையாம்!

திருவாரூர் தியாகராஜர் யார் தெரியுமா? சோமாஸ்கந்த மூர்த்தி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குழந்தை கந்தன். குடும்பம் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கோலத்தையே நம் பெரியவர்கள் தெய்வமாக வைத்துக் கும்பிட்டார்கள்.

'அவருக்கு ஆபீஸ், பெண்ணுக்கு காலேஜ், பையனுக்கு டியூஷன். யாருக்கு ஸ்வாமி நேரம்?' என்றார் அந்த அம்மாள்.

'சரி, உங்களுக்கு?'

சற்று யோசித்தார். 'அவர்கள் சாப்பிடும்போது நான் தோசை வார்த்துக் கொண்டிருப்பேன். டி.வி. பார்க்கும்போது பாத்திரம் தேய்ப்பேன். விளக்கேற்றி ஸகஸ்ரநாமம் சொல்லும்போது பையன் ஏதோ சொல்ல வருவான். 'அப்புறம்' என்று கையைக் காட்டுவேன்...' சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. 'இப்போதெல்லாம் அவன் வருவதே இல்லை ஸ்வாமி.'

தாய்மார்களே, இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உழைப்பும் பக்தியும் உத்தமமானவைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஊஞ்சல் மண்டபத்தில் ஸ்வாமி மட்டும் அமர்ந்து, அம்பாள் நின்றுகொண்டு பணிவிடை செய்யவில்லை. அவளும் சரிசமமாக உட்கார்ந்திருக்கிறாள்! உங்கள் வீட்டு ஊஞ்சலில் உங்கள் இடம்தான் காலியாக இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை ஒன்று செய்யுங்கள். பாராயணத்தைக் கொஞ்சம் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். சுண்டல் நைவேத்தியம் செய்து, கூடத்தில் எல்லாரையும் உட்காரச் சொல்லுங்கள். செல்போன்கள் அரைமணி நேரம் அலமாரியில் இருக்கட்டும். பல்லாங்குழியோ தாயமோ, வெறும் அரட்டையோ, எதுவானாலும் சரி. சுண்டலை வீட்டுக்காரரோ பிள்ளைகளோ எடுத்துக் கொடுக்கட்டும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள்!

முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள். 'அம்மா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?' என்று ஒருநாள் அந்தப் பிள்ளை தானாக ஆரம்பிப்பான். அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அம்பாளுக்கு அதுவும் அர்ச்சனைதான்.