அறிதலும் மாசுறுத்தலும்

அறிவுத் தேடல் எந்நிலையிலும் நன்றே என்பது பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே வழங்கி வருகின்றது. ஒரு பொருளை அறிய எடுக்கும் முயற்சியே அப்பொருளைக் கெடுத்துவிடுமாயின் அவ்வாய்பாடு நிலைக்குமா என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. அந்தாட்டிக்காவின் பனிக்கட்டிக்கு அடியில் வாழும் நுண்ணங்கிகள் பற்றிய ஆய்வு அவ்வினாவைத் தவிர்க்கவொண்ணாததாக்கியுள்ளது.

அங்குள்ள வொஸ்ரொக் நிலையத்தில் 1983 யூலை 21 ஆம் நாள் வெப்பநிலை −89.2 பாகை செல்சியசுக்கு வீழ்ந்தது. நிலையத்தின் கீழே, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் தடித்த பனிக்கட்டிக்கு அடியில், 250 கிலோமீற்றர் நீளமான ஏரியொன்று உறையாது கிடக்கின்றது என்பது 1996 இல் உறுதிப்படுத்தப்பட்டது. மேலிருந்து அழுத்தும் பனியின் பாரமும் கீழிருந்து எழும் புவிவெப்பமும் அந்நீரைத் திரவமாகவே வைத்திருக்கின்றன. கதிரொளி தீண்டாத அந்நீரில் உயிர் உண்டா?

ஏரி உறுதிப்படுத்தப்படுமுன்னரே அங்கே துளையிடுதல் தொடங்கிவிட்டது. நோக்கம் வேறு, பண்டைக் காலநிலையை அறிதலே அது. துளை நெருங்கி மூடிவிடாதிருக்க அதனுள் மண்ணெண்ணெயும் பிரியோனும் நிரப்பப்பட்டன. அத்துளையிலிருந்து பெற்ற பனிக்கட்டி, 420,000 ஆண்டுகளின் காலநிலை வரலாற்றை 1999 இல் உலகுக்கு அளித்தது. அதனை இழக்க எவரும் ஒருப்படார். ஆயின் ஒரு நல்ல வினாவுக்கு உதவிய கருவியே மற்றொரு நல்ல வினாவுக்கு நஞ்சாயிற்று. ஏரியைக் கெடுக்கக்கூடும் என்ற அச்சத்தினால் 1998 இல் 3,623 மீற்றரில் துளையிடுதல் நிறுத்தப்பட்டது. பின்னர் அது மீண்டும் தொடங்கி, 2012 பெப்ரவரி 5 இல் ஏரியை எட்டியது. பொங்கியெழுந்த நீர் துளையினுள்ளே உறைந்தது. எடுக்கப்பட்ட மாதிரிகளில் துளைத்திரவம் கலந்திருந்தது; அத்திரவத்திலேயே பற்றீரியாக்கள் இருந்தமை முன்னரே அறியப்பட்டதொன்று. எனவே கண்டது ஏரியின் உயிரா, துளையின் உயிரா என்ற வழக்கு எழுந்தது.

இங்கே இழைக்கப்பட்ட தீங்கு யாருக்கு? பற்றீரியா துன்புறுவதில்லை, அதன்பாற் கொடுமை இழைக்கப்பட்டதெனல் மிகைக்கூற்றாகும். தீங்கு பின்வருவோனுக்கே. தீண்டப்படாத ஏரியை முதன்முதலில் திறத்தல் ஒருமுறையே இயலும். அதனைக் கறைப்படுத்தியவன் தன் வினாவை மட்டுமன்றிப் பிறர் இன்னும் கேளாத வினாக்களையும் கறைப்படுத்துகின்றான்.

‘கடுஞ்சூழல்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. அது மனித உடலை அளவுகோலாகக் கொண்ட சொல். குளிர்விரும்பும் நுண்ணங்கியின் கலமென்சவ்வு உறைநிலையிலும் இளகியே இருக்கின்றது. அதன் நொதியங்கள் நெகிழ்வானவை, மனிதனுக்கு இதமான வெப்பத்திலோ அவை சிதைந்துபோகின்றன. அதற்குக் கடுஞ்சூழல் இந்நாட்டுப் பிற்பகல்தான்! வெறுமையென எண்ணப்படும் இடத்தில் எவரும் காலணி கழற்றுவதில்லை. அவ்வெண்ணத்தை மறுத்தே, அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 ஆம் ஆண்டறிக்கை, பனிக்கட்டிக்குக் கீழுள்ள நீர்நிலைகளில் உயிர் உண்டென்றும் அவை ஒன்றோடொன்று தொடர்புடையன என்றும் கொண்டே செயற்படுமாறு கூறிற்று. நிறுவும் பொறுப்பு இவ்வாறு துளையிடுவோன்மேல் ஏறிற்று.

2013 சனவரியில் அமெரிக்க ஆய்வாளர் உவில்லன்ஸ் ஏரியை வேறு வழியில் அணுகினர். வடித்துப் புறவூதாக் கதிரால் தூய்மையாக்கிய வெந்நீரைக் கொண்டே 800 மீற்றர் பனிக்கட்டியை உருக்கினர். கருவிகளை ஐதரசன் பேரொட்சைட்டால் கழுவினர். ஒரு மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 130,000 கலங்கள் இருந்தன. அமோனியத்தை ஒட்சியேற்றிப் பெறும் சத்தியைக் கொண்டு ஒளியின்றியே காபனீரொட்சைட்டை உணவாக்குவன அவற்றுட் பல.

இதனைக்கொண்டு ஒரு சாராரை நல்லோராகவும் மறுசாராரைத் தீயோராகவும் நிறுத்துவது எளிது, நேர்மையன்று. உவில்லன்ஸ் ஆழங்குறைந்தது; சில ஆண்டுகளுக்கொருமுறை வடிந்து நிரம்புவது. அதனைத் திறந்தோர் எதனைத் தேடுகின்றனர் என்பதை முன்னரே அறிந்திருந்தனர். வொஸ்ரொக்கில் துளையிடத் தொடங்கியோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஏரி உண்டென அறிந்த பின்னரும் அதே துளையைத் தொடர்ந்தமையே அங்கு விடைவேண்டி நிற்பது. அரிதாய்க் கிட்டிய துளையைக் கைவிடுதல் கடினம். காத்திருந்தால் வேறொருவர் முந்திவிடலாம். இவை மனித இயல்பை விளக்குமேயன்றிச் செயலை அறமாக்கா.

2015 சனவரியில் இரசிய ஆய்வாளர் இரண்டாம் முறையாக ஏரியை எட்டினர். துளையில் அப்பொழுதும் மண்ணெண்ணெயே நிறைந்திருந்தது.