ஒருநாள் விட்டு ஒருநாள்

அஸர் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவுள் திண்டில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லா வாலிபர் ஒருவர் வந்து ஸலாம் கூறி, "ஹஜ்ரத், வாரத்துக்கு எத்தனை நாள் எடை தூக்கலாம்?" என்று கேட்டார். மஸ்அலா கேட்கப் போகிறார் என்று எண்ணியிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு அடங்கிற்று.

ஷவ்வால் மாதம் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாராம். வாரம் ஏழு நாளும் தூக்கினாராம். இரண்டு மாதத்தில் தோளில் வலி, இரவில் உறக்கமில்லை, முன்பு லேசாய் எடுத்த எடை மலையாய்க் கனத்தது. அடியோடு விட்டுவிட்டார். "ரமலானில் பிடித்த தஹஜ்ஜுதும் இப்படியே நின்றுபோயிற்று ஹஜ்ரத். எனக்குள் நயவஞ்சகம் இருக்கிறதோ என்று பயமாயிருக்கிறது" என்றார். குரல் தழுதழுத்தது.

உடலைப் பற்றிய பதில் எளிது. எடையைத் தூக்கும்போது தசை வளர்வதில்லை. களைத்த தசை ஓய்வில்தான் தன்னைச் செப்பனிட்டு வலுப்பெறுகிறது. அதற்குச் சுமார் 48 மணி நேரம் விடச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தசை வலுவுக்கான பயிற்சியை வாரம் இரண்டு நாளாவது செய்யும்படியே கூறுகிறது. புதிதாய்த் தொடங்குபவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று நாள் தாராளம்.

உள்ளத்தைப் பற்றிய பதிலுக்கு ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் போக வேண்டும். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த இளைஞர் அவர். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டென்று உணர்த்தி, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். "இதைவிட அதிகம் என்னால் முடியும்" என்று அவர் மன்றாட மன்றாட, கடைசியில் தாவூது நபி (அலை) அவர்களின் நோன்பில், அதாவது ஒருநாள் விட்டு ஒருநாளில், வந்து நின்றது. அதற்கு மேல் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

(இதை ஆதாரமாக்கி எடை தூக்குவதற்கு நான் ஃபத்வா கொடுத்துவிட்டதாக யாரும் பரப்ப வேண்டாம்.)

அவர் முதுமையடைந்தார். உடல் தளர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று ஏங்கினார். ஆனாலும் விடவில்லை. சில நாட்கள் நோன்பை விட்டு உடலைத் தேற்றிக்கொள்வார். விட்டவற்றை எண்ணி வைத்து, பிறகு அத்தனை நோன்பும் நோற்பார். ஓய்வெடுத்தவரை அங்கே எவரும் நயவஞ்சகர் என்று சொல்லவில்லை.

அப்படியானால் சோம்பேறிக்கும் இது சாக்காகிவிடாதா? ஆகும், பலர் ஆக்கியும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் இருவரையும் பிரித்தறியலாம். சோம்பேறி விட்ட நாளை எண்ணுவதில்லை. நம் வாலிபரின் பிழை சோம்பலுமன்று, நயவஞ்சகமுமன்று. பெரிய அளவையே நஃப்ஸ் விரும்பும். சிறிய அளவில் அதற்குப் பெருமை கிடைப்பதில்லை. ஓதும் காலத்தில் ஒரே இரவில் பல ஜுஸ்உகளைத் திருப்ப முயன்று, பிறகு ஒரு வாரம் முஸ்ஹஃபைத் திறக்காமல் கிடந்தவன் நான். ஆகவே இதைத் துணிந்து சொல்கிறேன்.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்கு மேல் போடுபவன் ஆண்பிள்ளை என்பார்கள். ஒருநாள் கூட்டத்துக்கு முன் காட்டும் பலம் அது. அந்த வாலிபரின் அத்தாவோ கீழமாசி வீதியில் தினமும் மூட்டை சுமப்பவர். எத்தனை நாள் தூக்குவதென்று முடிவு செய்யும் உரிமை அவருக்கில்லை. அவர் உடலின் உரிமையை யாரிடம் கேட்பது? கைக்குக் கீழே வேலை செய்பவர்மீது தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கட்டளை முதலாளிகளுக்கு உரியது. நம் கடைக்காரர்கள் இதையும் ஜும்ஆ பயானில் கேட்டிருப்பார்கள்.

வாலிபர் திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொண்டார். தோள் ஆறும்வரை எடையைத் தொடுவதில்லை. இரவுத் தொழுகைக்கு, இஷாவுக்குப் பின் உறங்குமுன் 2 ரக்அத்தும் வித்ரும் மட்டும் போதும் என்றேன். "இவ்வளவுதானா ஹஜ்ரத்?" என்று முகம் வாடினார்.


"இவ்வளவேதான்" என்றேன். மஃரிபுக்கு பாங்கு சொன்னார்கள், எழுந்தோம்.