கடைசி வாங்குக்கும் வெளிச்சம்

பாடசாலையொன்றில் புதிய கட்டடம் திறக்கப்படும் நாள் எமக்கெல்லாம் பழக்கமானது. பாண்ட் வாத்தியம் முழங்கும், நாடா வெட்டப்படும், பெயர்க்கல் திரைநீக்கம் செய்யப்படும், குருவானவர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். பிரதம விருந்தினர் வகுப்பறைகளைச் சுற்றிப் பார்த்து மகிழ்ச்சி தெரிவிப்பார். ஆனால் வந்தவர்களுள் ஒருவராவது கடைசி வாங்கில், சுவரோரத்து மூலையில் ஒரு நிமிடம் அமர்ந்து, கரும்பலகை தெரிகின்றதா என்று பார்த்ததை நாம் கண்டதில்லை. ஆசீர்வதிக்கச் சென்ற நாமும் அப்படிப் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

அந்த மூலையில் நாளை ஒரு பிள்ளை அமரும். மங்கிய ஒளியில் கண்களைச் சுருக்கிப் பார்க்கும். பாதி எழுத்தைக் கண்டும் பாதி எழுத்தை ஊகித்தும் கொப்பியில் எழுதும். பின்பு களைத்துப்போய்ப் பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கும். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையில் "கவனம் போதாது" என்று ஆசிரியர் எழுதுவார். வீட்டிலே பெற்றார் இன்னும் கடுமையான சொல்லைச் சொல்வர். குறை பிள்ளையினுடையதா, கட்டடத்தினுடையதா என்று எவரும் விசாரிப்பதில்லை.

இங்கே ஓர் ஒழுக்கக் கேள்வி எழுகின்றது. கற்கும் பிள்ளைக்குப் போதிய வெளிச்சத்தையும் காற்றையும் அமைதியான இடத்தையும் கொடுப்பது தரும காரியமா, அல்லது நீதியின் கடனா? தருமமென்றால், வசதியுள்ளபோது செய்யலாம். செய்தவரைப் புகழவும் வேண்டும். நீதியென்றால், செய்யாதிருப்பது பிள்ளைக்குரியதைப் பிடித்து வைத்திருப்பதாகும்.

மனித அறிவு புலன்களின் வாயிலாகவே தொடங்குகின்றது என்பது புனித தோமஸ் அக்குவைனாஸ் கற்பித்த அடிப்படை உண்மை. ஆன்மா உடலை வாசலில் விட்டுவிட்டு வகுப்பறைக்குள் நுழைவதில்லை. கண் தடுமாறும்போது அறிவும் தடுமாறுகின்றது. அழகுக்கு வேண்டியவை முழுமை, இசைவு, ஒளி ஆகிய மூன்றே என்றும் அப்புனிதர் வகுத்தார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸும் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில், நாம் வாழும் அறையும் வீடும் அயலும் எமது சிந்தனையையும் உணர்வையும் செயலையும் பாதிக்கின்றன என்று நினைவூட்டினார்.

இதனை ஆய்வாளரும் தமது முறையில் அளந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1999இல் வெளியான ஆய்வொன்றின்படி, பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அது மிகக் குறைந்த வகுப்பறைகளில் படித்தவர்களைவிட ஓராண்டில் கணிதத்தில் 20 வீதமும் வாசிப்பில் 26 வீதமும் விரைவாக முன்னேறினர். ஆனால் 2003இல் அதே மாநிலத்தின் வேறொரு நகரில் செய்த ஆய்வில் அம்முடிவு அப்படியே கிடைக்கவில்லை. கூசும் வெயில் உள்ளே விழுந்த அறைகளில் படிப்புக் கெட்டது. யன்னலூடாக நல்ல காட்சி தெரிந்த அறைகளில் நன்மை விளைந்தது. ஆகவே வெளிச்சம் கூடினால் மட்டும் போதாது. அது இதமாகவும் வரவேண்டும். இங்கிலாந்தின் சல்போர்ட் பல்கலைக்கழகத்தார் 27 பாடசாலைகளின் 153 வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் ஓராண்டு முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 வீதத்தை வகுப்பறையின் அமைப்பே விளக்குகின்றது என்பதாகும். நல்லாசிரியரின் இடத்தைச் சுவர் எடுத்துக்கொள்ளாது. எனினும் நல்லாசிரியரின் உழைப்பில் ஒரு பங்கைச் சுவர் விழுங்கிவிடக்கூடும்.

"வெளிச்சம் இருந்தா நாங்கள் படித்தோம்?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். 1990இல் யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி ஒரு தலைமுறை படித்தது. இவ்வரிகளை எழுதுபவரும் அவ்விளக்கில் படித்தவரே. ஒரு மெழுகுதிரி ஒரு மீற்றர் தூரத்தில் தரும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ். அதனை ஒரு முழத் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாலும் புத்தகத்தில் விழுவது ஐந்து லக்ஸ் அளவே. வகுப்பறைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டுமென்பது இன்று பல நாடுகளில் உள்ள விதி. அந்த ஐந்து லக்ஸில் படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தவர்களை எண்ணிப் பெருமைப்படுகின்றோம், அது நியாயமே. ஆனால் அதே விளக்கின்முன் அமர்ந்து, பரீட்சையில் தவறிப் படிப்பை விட்டவர்களை எவர் எண்ணினார்? அவர்கள் பரிசளிப்பு விழா மேடைகளில் பேசுவதில்லை.

மேலும், தியாகம் என்பது ஒருவர் தாமாக ஏற்பது. பிறர் தலையில் நாம் ஏற்றிவிட்டு அதற்குத் தியாகமென்று பெயரிடுவது தகாது. சிலுவையைச் சுமந்தவரை நாம் ஆராதிக்கின்றோம். சிலுவையைச் செய்து கொடுத்தவனைப் போற்றுவதில்லை. வேறு வழியில்லாத காலத்துத் துன்பத்தை, வழியுள்ள காலத்துப் பிள்ளைக்கு விதியாக்குவது பெரியோருக்கு அழகன்று.

"மரத்தடியிலேயே எமது முன்னோர் கற்றனர்" என்போரும் உளர். உண்மை, ஆனால் மரநிழலில் பகல் ஒளி தாராளமாய் உண்டு, கூச்சமில்லை, காற்றும் உண்டு. மரத்தடியைக் காட்டி இருட்டறைக்கு நியாயம் சொல்ல முடியாது.

பணமில்லை என்பது அடுத்த நியாயம். 1960-61இல் எமது பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றபின், கட்டடம் அரசின் பொறுப்பே என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் வளைவும் முகப்பும் சிலையும் எழுப்பப் பழைய மாணவரிடமும் வெளிநாட்டு உறவினரிடமும் பணம் சேர்க்கத்தான் செய்கின்றோம். அப்பணத்தில் ஒரு பங்கு ஏன் வகுப்பறைக்குள் நுழைவதில்லை?

பல திருத்தங்களுக்குச் செலவும் அதிகமில்லை. பக்கத்து யன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரம் வரையே பகல் வெளிச்சம் அறைக்குள் நன்றாய்ச் செல்லும். ஏழு அடி உயர யன்னல் பதினான்கு அடிவரை உதவும். அதற்கப்பால் அமரும் பிள்ளைக்கு மறுபக்கத்திலும் யன்னல் வேண்டும். இருபுறமும் அரைச்சுவரும் தாழ்ந்த தாழ்வாரமும் வைத்துக் கட்டிய பழைய மண்டபங்களில் இந்த அறிவு இருந்தது. அவற்றின் குறை இரைச்சல்: நான்கு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்தின. எமது நாட்டில் வெயில் கிழக்கிலும் மேற்கிலும் நேரே அடிப்பதால், யன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்ப்பது நன்று. இருண்ட பக்கத்துக் கூரையில் சில கண்ணாடி ஓடுகள் பதிக்கலாம். அழுக்குத் தெரியாதிருக்கவென்று சுவருக்குக் கடும் நிறம் பூசாமல், மேற்சுவருக்கும் கூரையின் உட்புறத்துக்கும் வெள்ளை பூசினால் வந்த வெளிச்சம் வீணாகாது. எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாதிருக்க ஒளி இடப்பக்கமிருந்து வரவேண்டும்; இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு மறுபக்கம். சுவரெங்கும் படங்களை ஒட்டுவதும் நன்றன்று. 2014இல் அமெரிக்காவில் சிறு பிள்ளைகளிடம் செய்த பரிசோதனையில், அலங்காரம் நிறைந்த அறையைவிட எளிமையான அறையிலேயே அவர்கள் கூடுதலாகக் கற்றனர்.

ஒரு சதமும் செலவில்லாத திருத்தமும் உண்டு. கிழமைக்கொருமுறை பிள்ளைகளின் இடங்களை மாற்றுவதே அது. கெட்டிக்காரர் முன்னாலும் மெல்லக் கற்போர் பின்னாலும் இருக்கும் வழக்கம், உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதாகும்.

பெற்றாரே, பிள்ளையை மந்தம் என்று சொல்லுமுன் அது எங்கே அமர்கின்றது என்று கேளுங்கள், கண்ணைப் பரிசோதிப்பியுங்கள். மாலையில் தகரக் கொட்டிலில் நூறு பேரோடு ரியூசனுக்கு அனுப்புமுன், அங்கே ஒருமுறை நீங்களே ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முகப்பைப் பற்றிப் பேச்சு எழும்போது, மூலையைப் பற்றியும் ஒருவர் பேசுங்கள்.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் இருண்ட ஆலயத்துக்குள் ஒரே ஒரு திரி வருகின்றது. அதன் சுடரைப் பீடத்தருகே நிற்போர் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. கைக்குக் கை மாறி, கதவோரத்தில் நிற்கும் கடைசி ஆளின் மெழுகுதிரியும் ஏற்றப்பட்ட பின்னரே ஆலயம் முழுவதும் ஒளி பெறுகின்றது. கடைசி வரிசையை இருளில் விட்டுவிட்டு அல்லேலூயா பாட எமக்கு மனம் வராது. ஆலயத்தில் நாம் ஆண்டுதோறும் காக்கும் அந்த ஒழுங்கு, ஆலய வளவிலிருக்கும் பாடசாலைக்கும் உரியதே.