மறுபடியும் பார்த்த ஆசாரியன்



லேவியராகமம் 13-ம் அதிகாரம் வந்தால் நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வெறும் தோல் வியாதிதானே என்கிறோம். ஆனால் அங்கே ஆசாரியன் செய்வதைக் கவனியுங்கள். சந்தேகமாயிருந்தால் அவன் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லுவதில்லை. ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். தெளியாவிட்டால் இன்னும் ஏழு நாள். அவன் பார்வை யாரையும் சுகமாக்கவில்லை. ஆனாலும் பார்க்கச் சொன்னவர் தேவன்.

பிள்ளைகளுக்கு வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் இப்படித்தான். கழுத்தில் நெறி கட்டும், பெரும்பாலும் வலிக்காது. நம்ம பக்கத்தில் முதலில் டி.பி. என்று நினைப்பார்கள், அது வீண் சந்தேகமும் அல்ல. இரண்டிலும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு வரும். எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே அகலமான நிழல் தெரியலாம். மல்லாந்து படுத்தால் பிள்ளைக்கு மூச்சு திணறுதா? ஸ்கேனுக்குப் படுக்கவைக்குமுன்பே டாக்டரிடம் சொல்லிடுங்க. மயக்க மருந்து கொடுக்குமிடத்தில் அது உயிர்க்காரியம்.

பெட் ஸ்கேனில், சர்க்கரை போன்ற மருந்தில் சிறிது கதிரியக்கம் சேர்த்து ஊசி போடுவார்கள். பசியெடுத்த செல்கள் அதை இழுத்து ஒளிரும். ஆனால் டி.பி.யும் ஒளிரும்! குளிரில் நடுங்கின பிள்ளையின் கழுத்துக் கொழுப்பும், கீமோவுக்குப்பின் மறுபடி வளரும் தைமஸ் சுரப்பியும் ஒளிரும். "ஐயோ, திரும்ப வந்துட்டதே" என்று ரிப்போர்ட்டைப் பிடித்து அழுகிற தாய்மாரே, பொறுங்கள். படம் இடத்தைக் காட்டும். வியாதியின் பேரைச் சொல்லுவது நெறியை எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான்.

இப்போ கடினமான காரியம். ஹாட்ஜ்கின் வகையில் இரண்டு சுற்று கீமோவிலேயே நெறி கரைந்துபோவதுண்டு. உடனே சாட்சி சொல்லி, ஊசியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கண்ணுக்கு மறைந்தது வேறே, இல்லாமற்போனது வேறே. அந்த நேரத்தில்தான் மறுபடியும் பெட் எடுத்து, கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நன்றாய் அடங்கியிருந்தால் சில பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சே வேண்டாமென்று விடுவார்கள். முழுச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையில் பிழைக்கிறார்கள்.

குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கினபின்பும், போய் ஆசாரியனிடம் காட்டு என்றுதானே ஆண்டவர் அனுப்பினார்? சுகம் கொடுத்தவருக்கே பரிசோதனையில் பயமில்லையே.

தூரமும் அதிகமில்லை. 1969-ல் புற்றுநோயால் மரித்த அண்ணாவின் பேரில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ல் தொடங்கின அடையாறு மருத்துவமனையும் உண்டு. பெட் எடுக்கும் நாளில் பிள்ளை வெறும் வயிற்றில் இருக்கவேண்டும். பஸ்ஸில் அழுதுதேன்னு மிட்டாய் கொடுத்திடாதீங்க. துணையில்லாத தாய்மார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்லுங்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு சகோதரி கூட வருவார்.